பூனை திருடிய ஜோடி

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடியிருப்பின் வாசலில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரை அவளுடைய ஸ்கூட்டர் சக்கரம் அள்ளி, ஓரமாக நின்றிருந்தவனின் வெள்ளைச் சட்டை மேல் ஒரு சொட்டு வீணாகாமல் சேர்த்திருந்தது.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த அதட்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நல்லாத் தெரியுதே. இவ்வளவு பெரிய பள்ளத்துக்குப் பக்கத்துல போய் யாராவது நிப்பாங்களான்னுதான் தெரியல."

"ஓஹோ... அப்ப தப்பு என் மேலயா?"

"பள்ளத்து மேல சொல்ல முடியாதுல்ல? அது பாவம், ரொம்ப நாளா இங்கேயேதான் இருக்கு."

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையிலேயே துடைத்தான். கண்ணாடி இன்னும் மோசமானது. அது தெரியாமல் அவளை முறைத்தான்... முறைக்கத் தெரியாத கண்கள். இமை நுனியெல்லாம் மழை. சண்டைக்கு வந்தவனுக்கு இப்படியா கண் வாய்க்கும் என்று அவள் மனத்துக்குள் சலித்துக்கொண்டாள்.

"உங்ககிட்டப் பேசிட்டிருக்க எனக்கு நேரமில்ல," என்று கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தான். அடுத்த நொடி அவள் மழைக்கோட்டுக்குள் மணி அடித்தது.

அவள் அவனைப் பார்த்தபடியே எடுத்துக் காதில் வைத்தாள். "சொல்லுங்க. பூட்டுக் கடை."

அவன் கைபேசியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நீங்களா பூட்டுத் திறக்கப் போறீங்க?"

"ஏன், பூட்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் திறக்குமா?"

அப்பாவும் மகளுமாய் நடத்துகிற கடை அது. தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி வெட்டுவதும், சாவியே இல்லாத கதவைக் கீறல் படாமல் திறந்து கொடுப்பதும் அவர்கள் தொழில். அடுத்த மாதம் கடையை அவள் பொறுப்பில் விடப் போகிறார் அப்பா. அவள் சின்ன வயதிலிருந்து காத்திருந்த மாதம் அது. அந்தத் தொழிலில் கைத்திறமை அப்புறம்தான், பேர்தான் முதலில். அடுத்தவர் வீட்டைத் திறந்தாள் என்று ஒரே ஒரு புகார் போனால் போதும், காவல் துறை கொடுத்த அனுமதி போய்விடும். அப்புறம் அந்தக் கையை நம்பி யாரும் ஒரு பெட்டியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அப்பா வைத்திருந்த சட்டம் ஒன்றுண்டு. எந்த வீட்டுப் பூட்டிலும் கை வைப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். 'இது இவங்க வீடுதானா?' என்று கேட்டு, ஆமாம் என்று ஒரு வாய் சொன்ன பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். அழைத்தவர் அமைச்சராகவே இருந்தாலும் சரி. அவள் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை.

அன்றைக்கு மீறினாள்.

எப்படி என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. இரண்டு பேரும் வாசலில் ஆரம்பித்த சண்டையை விடாமல் தூக்கிக்கொண்டே படியேறினார்கள். அவன் கால்நடை மருத்துவன். வெளியூர் போயிருக்கும் அக்காவின் பூனைக்குச் சோறு வைக்க வந்தவன், அக்கா கொடுத்த சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டான்.

"பூனை டாக்டரா? அதான் சீறுறீங்க."

"பூட்டு திறக்கிறவங்க கொஞ்சம் வாயைப் பூட்டக் கத்துக்கலாம்."

"அதுக்குச் சாவி செய்யவே இல்லையே இன்னும்..."

சிரிக்கக் கூடாது என்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது. இடப்பக்கக் கதவு. அவள் மண்டியிட்டாள். மெல்லிய கம்பி உள்ளே போனது. அவன் மறுபடியும் ஏதோ சொன்னான். அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள். கதவு திறந்துகொண்டது.

உள்ளே மிதியடி மேலேயே ஒரு மஞ்சள் பூனை கிடந்தது. முதுகைக் குறுக்கி, முக்கி, அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது.

அவன் முகம் மாறிவிட்டது. சண்டைக்காரன் காணாமல் போய், அங்கே வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். பூனையின் அடிவயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கு. மூத்திரம் அடைச்சிருக்கு. இன்னைக்கே எடுக்கலைன்னா செத்துடும்." சுற்றிலும் பார்க்கக்கூட இல்லை. ஆணியில் தொங்கிய துண்டை உருவிப் பூனையைச் சுற்றினான். "உங்க பையைக் குடுங்க."

"அது என் கருவிப் பை! அதுல போய்..."

கொடுக்கும் வரை அவன் காத்திருக்கவில்லை. சுருட்டி வைத்திருந்த கம்பிகளின் மேலேயே பூனையைப் படுக்க வைத்து, பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துப் படியில் ஆள் அரவம். கை நிறையக் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் மேலே வந்தார். திறந்து கிடந்த கதவையும், மண்டியிட்டிருந்தவள் கையிலிருந்த கம்பியையும், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் வாலையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஐயோ... திருடன்! என் வீடு! என் ராஜாவைத் தூக்கிட்டுப் போறாங்க!"

"அம்மா, இது எங்க அக்கா வீடு..."

"எவடா உங்க அக்கா?"

தக்காளி பறந்தது. கீழ் மாடியில் கதவுகள் திறந்தன. யாரோ கம்பை எடுங்கள் என்றார்கள். காவலாளி விசில் ஊதிக்கொண்டே படியேறினான். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பூனை முடிந்துவிடும் என்று மருத்துவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓட ஆரம்பித்தான். அவன் தோளில் அவளுடைய பை.

"யோவ்... என் பை!"

அவன் பூனைக்காக ஓடினான். அவள் பைக்காக ஓடினாள். பார்த்தவர்கள் கண்ணுக்கு ஒரு ஜோடி ஓடியது.

---

மழையில் இரண்டு தெரு தாண்டியும் விசில் சத்தம் விடவில்லை. காவலாளி சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

"குனி!" என்றான் அவன், ஒரு லாரிக்குப் பின்னால்.

"என்னது, நீ வா போவா?"

"சரி... தயவு செஞ்சு குனியுங்க மேடம்!"

அடுத்த கட்டடம் மரச்சாமான் கடை. நுழைந்தார்கள். வரிசையாய்க் கட்டில்கள், சோபாக்கள், ஆள் உயர அலமாரிகள். விற்பனையாளர் வேறொரு குடும்பத்துக்கு மெத்தையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சைக்கிள் வந்து நின்றது.

வேறு வழியில்லை. கடைசி அலமாரிக்குள் ஏறினார்கள். கதவைச் சாத்தியதும் வெளித்தாழ் தானாக 'டிக்' என்று விழுந்தது.

புது மரத்தின் வார்னிஷ் வாசனை. கதவிடுக்கில் நூல் கனத்துக்கு வெளிச்சம். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. இவ்வளவு கிட்டத்தில் ஒருவனோடு நிற்கிறபோது கோபமாகவே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பையை நெஞ்சோடு அணைத்து, துண்டுக்குள் விரலை விட்டுப் பூனையைத் தடவிக்கொண்டே இருந்தான். 'இதோ... இதோ ஆச்சுடா' என்று அவன் முணுமுணுத்ததைக் கேட்டதும் அவளுக்குள் என்னவோ இளகியது.

அவன் கைபேசி அதிர்ந்தது. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்தான். அந்த நெருக்கத்தில் அக்காவின் குரல் அவளுக்கும் கேட்டது.

"டேய், எங்கடா இருக்க? நான் இன்னைக்கே வந்துட்டேன். பூனை பசியில வீட்டையே ரெண்டாக்குது. நீ வரவே இல்லையா?"

அவன் பைக்குள் இருந்த பூனையைப் பார்த்தான்.

"அக்கா... நம்ம பூனை அங்கயா இருக்கு?"

"பின்ன எங்க இருக்கும்? என் மடியில இருக்கு!"

அழைப்பு முடிந்தது.

"அக்கா பூனையும் இதே மஞ்சள்தான். கட்டடமும் ஒரே மாதிரி ரெண்டு அங்க," என்றான் மெல்ல. "அக்கா வீடு ரெண்டாவதுல. நாம முதல் கட்டடத்துல ஏறிட்டோம்."

"ஏறிட்டோமா? நீங்கதான முன்னாடி போனீங்க!"

"நீங்க விறுவிறுன்னு உள்ள நுழைஞ்சீங்க. நான் உங்க பின்னாடி வந்தேன்."

"நான் எதுக்கு உங்க அக்கா வீட்டுக்கு வழி காட்டப் போறேன்? நீங்க போறீங்கன்னு நான் வந்தேன்!"

"நான் உங்களுக்குப் பதில் சொல்லிட்டே வந்தேன்..."

"நானும்தான்..."

இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் போய், ஊரான் வீட்டைத் திறந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் அவள் கைபேசியிலும் வெளிச்சம். அந்தக் குடியிருப்புக்காரர்கள் பரப்பிவிட்ட படம் தோழி மூலமாக அவளுக்கே வந்திருந்தது. படிக்கட்டுக் கேமராவில் பிடித்தது. அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. கீழே, 'பூனை திருடும் ஜோடி. கண்டால் பிடிக்கவும்.'

"திருடின்னு போட்டிருந்தாக்கூடப் பொறுத்துப்பேன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஜோடின்னு போட்டிருக்காங்க..."

அவன் சிரித்துவிட்டான். அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். "ரொம்பப் பெரிய சிக்கலா உங்களுக்கு?"

சொன்னாள். அடுத்த மாதம், அப்பா, அனுமதி, கடை, தட்டாமல் விட்ட பக்கத்து வீட்டுக் கதவு... எல்லாம். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது.

"முதல்ல இதைக் காப்பாத்துவோம்," என்றாள் கடைசியில், பூனையைப் பார்த்து. "நகருங்க. உள்ளேர்ந்து திருகாணியைக் கழட்டினா தாழ் விட்டுடும்."

கதவு திறந்தபோது வெளியே விற்பனையாளரும் அந்தக் குடும்பமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். காவலாளி போய்விட்டிருந்தான். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

"உள்ள ரெண்டு பேருக்கு இடம் பத்தலைங்க," என்றாள். "தாழ்ப்பாளும் சரியில்ல."

அவனும் அதை ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு அவள் பின்னாலேயே நடந்தான்.

---

அவனுடைய மருத்துவமனை சின்னது. முன்னறை, மேசையுள்ள உள்ளறை, பின்பக்கம் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு. உதவியாளர் அன்று விடுப்பு.

"தலையைப் பிடிச்சுக்குவீங்களா? பயமா இருந்தா வேணாம்."

"பூட்டுக்குள்ள கம்பி விடறதைவிடவா?"

மயக்க ஊசி போட்டான். நூல் போன்ற குழாயை எடுத்தான். அவன் விரல்கள் அவசரப்படவே இல்லை. நிறுத்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடி நிறுத்தி... அவளுக்கு அது புரிந்தது. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனியில்தான் கேட்க வேண்டும். அவளும் தினம் அதைத்தானே செய்கிறாள். இவ்வளவு நேரம் சண்டை போட்ட மனிதனை அவள் இப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். பார்த்ததும், ஐயோ, இவனை எனக்குப் பிடித்திருக்கிறதே என்று நெஞ்சு படபடத்தது.

குழாய் சட்டென்று உள்ளே வழுக்கிப் போனது. மூத்திரம் பீறிட்டு அவன் சட்டையை நனைத்தது. காலையில் அடித்த சேற்றோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

"பிழைச்சுக்கிட்டான்!" என்றான் மருத்துவன். அந்த நேரத்தில் அவன் சிரித்த சிரிப்பை அவள் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பூனையை வெதுவெதுப்பான துணியில் கிடத்திவிட்டு அவன் முன்னறைக்குப் போனான். தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"காவல் நிலையமா? அந்தப் பூனை என்கிட்டதான் இருக்கு... ஆமா, நான்தான். நல்லா இருக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க... இல்ல, நான் மட்டும்தான். கதவு திறந்தே கிடந்துச்சு... அந்தப் பொண்ணா? அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வாசல்ல நின்னிருந்தாங்க, அவ்வளவுதான்."

அவன் திரும்பியபோது அவள் உள்ளறைக் கதவருகில் நின்றிருந்தாள்.

"கதவு திறந்தே கிடந்துச்சா?"

"அப்படிச் சொன்னாதான் உங்களுக்கு..."

"அந்தப் பூட்டு என்ன பூட்டுன்னு தெரியுமா? இந்த ஊர்ல அதைக் கீறாம திறக்கிறவங்க ரெண்டே பேரு. எங்கப்பா, நானு. திறந்தே கிடந்துச்சாம்!"

"மேடம், உங்க கடையைக் காப்பாத்தத்தான்..."

"நான் கேட்டேனா?"

"கேக்கல. ஆனா நீங்க அந்த அலமாரிக்குள்ள அழுதீங்க. அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல என்னால." பின்பக்கம் கையைக் காட்டினான். "அதோ, பின் கதவு. போயிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒருவன் பொய் சொல்லித்தான் தன் பேர் நிற்க வேண்டுமா? பையை எடுத்தாள். நேரே பின் கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். சந்தில் யாருமில்லை. இறங்கினால் நாளைக்கு வழக்கம்போல் கடை திறக்கலாம். அடுத்த மாதம் பலகையில் அவள் பேர் ஏறும்... அவன் மட்டும் திருடனாக நிற்பான்.

முன்னறையில் செருப்புச் சத்தங்கள். வீட்டுக்கார அம்மாளின் குரல் முதலில் வந்தது. அப்புறம் காவல் அதிகாரியின் கனத்த குரல். அப்புறம்... அப்பாவின் இருமல். படத்தில் அவளை அடையாளம் கண்ட அதிகாரி, நேராகக் கடைக்குப் போய் அவரையும் அழைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

"பூட்டைத் திறந்தது யாரு?"

"யாரும் திறக்கல சார். கதவு திறந்து இருந்துச்சு," அவன்.

"பொய்! நான் ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனேன்," அந்த அம்மாள்.

"அப்ப உடைச்சிருக்கணும். தம்பி, வீடு உடைச்சுத் திருடினா எத்தனை வருஷம்னு தெரியுமா?"

அந்தக் கேள்விதான் அவளைத் திருப்பியது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

"உடைக்கல. திறந்தேன். நான்தான் திறந்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்பா மெதுவாக முன்னால் வந்தார்.

"பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினியா?"

"இல்லப்பா."

"இத்தனை வருஷத்துல காய்ச்சலோட போயும் மறந்ததில்ல. மழையில, இருட்டுல, எந்த அவசரத்துலயும் மறந்ததில்ல. இன்னைக்கு மட்டும் ஏன் மறந்த?"

மழை காரணம் என்று சொல்லலாம். அவசரம் என்று சொல்லலாம். ஆனால் பொய் சொல்லிப் பேரைக் காப்பாற்ற மாட்டேன் என்று இப்போதுதானே திரும்பி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவர்கூடச் சண்டை போட்டுட்டிருந்தேன்ப்பா."

"சண்டைன்னா? அதுக்காக?"

"நல்லா இருந்துச்சுப்பா..." குரல் பாதியாய் இறங்கியது. "கதவைத் தட்டினா பேச்சு நின்னுடும்ல... நிக்க வேணாம்னு தோணிச்சு. எனக்கு யார்கிட்டயும் அப்படித் தோணினதே இல்ல. அதான் மறந்துட்டேன். வேற காரணமே இல்ல."

அதிகாரி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் காது மடல் வரை சிவந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

வீட்டுக்கார அம்மாள் அதற்குள் உள்ளறை வாசலுக்குப் போய்விட்டிருந்தார். பாதி மயக்கத்தில் அவருடைய ராஜா தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இவனுக்கு என்ன ஆச்சு?"

மருத்துவன் சொன்னான். அடைப்பைப் பற்றி, குழாயைப் பற்றி, இன்னும் சில நாள் கொடுக்க வேண்டிய மருந்தைப் பற்றி. அம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாளா ஒரு மாதிரிதான் இருந்தான். சூடுன்னு நினைச்சு விட்டுட்டேன்..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், புகாரெல்லாம் வேணாம். தப்பான வீட்டுக்கு வந்ததால என் பிள்ளை பிழைச்சிருக்கு. ஆனா ஒண்ணு," அவளைப் பார்த்து விரலை ஆட்டினார், "நீயே வந்து, உன்னாலயே திறக்க முடியாத மாதிரி ஒரு பூட்டு போட்டுக் குடுக்கணும்."

அதிகாரி அவளை நன்றாகத் திட்டினார். அவனைக் கூடுதலாகத் திட்டினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அனுமதித் தாளைத் தன் கையாலேயே கிழிப்பதாகச் சொல்லிவிட்டு, அம்மாளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பூனை அன்றைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது.

அப்பா மட்டும் நின்றார்.

"அடுத்த மாசம் கடை உனக்கில்ல," என்றார். அவள் தலையசைத்தாள். கண் கலங்கியது. "ஒரு வருஷம் சாவி வெட்டற மெஷின்ல உக்காரு. வெளி வேலைக்குப் போகக் கூடாது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"சரிப்பா."

"பின் கதவு வழியாப் போயிருக்கலாம் நீ."

"ஆமாப்பா."

"போகல." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். கடை ஒரு வருடம் தள்ளிப் போனது அப்புறம் அவ்வளவாக வலிக்கவில்லை.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு மருத்துவனை ஏற இறங்கப் பார்த்தார். சேறும், பூனை மூத்திரமுமாய் நின்ற அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"மழை விட்டதும் வீட்டுக்கு வா," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குடையை மடித்தபடியேதான் கொண்டு போனார்.

இரண்டு பேர் மட்டும் மிச்சம். அவள் பையின் வாரைத் திருகினாள். அவன் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் பொறுக்க முடியாமல். "எல்லார் முன்னாடியும் மானம் போக உளறிட்டு நிக்கிறேன். இப்பப் பார்த்து வாயைப் பூட்டிக்கிட்டா எப்படி?"

"அக்கா போன மாசம்தான் அந்த வீட்டுக்குக் குடி வந்தாங்க," என்றான் அவன். "கட்டில், பீரோ, அடுப்பு... எல்லாத்தையும் மூணு மாடி தூக்கிட்டுப் போனது நான்தான். அந்தப் படிக்கட்டுல எந்தப் படி உடைஞ்சிருக்குன்னுகூடத் தெரியும் எனக்கு. கண்ணைக் கட்டி விட்டாலும் கரெக்டாப் போவேன்."

"அப்புறம் ஏன் இன்னைக்கு..."

"வாசல்ல நீங்க முதல் கட்டடத்துப் பக்கம் திரும்பினீங்க," என்றான். "நான் உங்களைப் பார்த்துட்டு வந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். முறைக்கத் தெரியாத அந்தக் கண்கள், வேறு எங்கேயும் போகாமல் அவள் மேலேயே நின்றிருந்தன.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான். "சேறு அடிச்சப்பவே. ஒத்துக்கக் கூடாதுன்னுதான் அவ்வளவு கத்தினேன்."

"ஒத்துக்கிட்டீங்கல்ல இப்ப? அப்ப அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல போய் நின்னது யார் தப்பு?"

"அது உங்க தப்புதான்!"

"என்னது..."

வெயில் சாயும் வரை அந்த வழக்கு தீரவில்லை. அவளும் வீட்டுக்குப் போகவில்லை.